அப்பாவின் இன்றைய நிலவரம்

ஒரு தகப்பனின் உயிருக்கு அன்று மதியம் விருதுநகரில் சொல்லப்பட்ட விலை மூன்று நிமிடம்.

தை மாதத்தில் அதே சரக்கு நாற்பது நிமிடத்துக்குப் போனது. ஆவணிக்குள் இப்படி விழுந்துவிட்டதற்கு வேறு காரணம் இல்லை, வரத்து அதிகம். தென்திசை மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தது அறுபத்திரண்டு பேர். அந்த எட்டு மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தகப்பனார்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மார்க்கெட் இதையெல்லாம் கவனிக்காமல் இருக்குமா?

கதை பில்ட் சர்வரில் ஆரம்பிக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க ஆளுக்கொரு துண்டை எழுதிப் போடுவார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்றால் பொட்டலம் கட்டி அனுப்புவது பில்ட் சர்வரின் வேலை. ஒரு சர்வர் என்றால் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகலாம். தென்திசையில் ஐந்து இருந்தன. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, கோவில்பட்டி என்று ஐந்து ஊரில் இருந்தன, ஏனென்றால் முதலாளி சௌந்தரபாண்டி அண்ணாச்சிக்கு அந்த ஐந்து ஊரில்தான் குடோன் காலியாக இருந்தது. மல்லியும் வத்தலும் அடுக்கிய இடத்தில் கம்ப்யூட்டரை அடுக்கினார். மழைக்காலத்தில் இன்னமும் மல்லி வாசம் வரும்.

சில பொட்டலங்களுக்கு ஐந்து சர்வரும் ஒரே நேரத்தில் கை கொடுக்க வேண்டும். இது கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பது மாதிரி. மாமா வந்து நின்றால் சித்தப்பா பந்திக்குப் போயிருப்பார். சித்தப்பாவைக் கூட்டி வருவதற்குள் மாமா கார் எடுக்கப் போய்விடுவார். ஐந்தையும் மேய்க்க ஒரு மேஸ்திரி புரோகிராம் வைத்திருந்தார்கள். அது வாரத்துக்கு இரண்டு தடவை மூச்சு முட்டி விழுந்தது. அது விழுந்தால் ஐந்தும் சும்மா நின்றன.

"மேஸ்திரி எதுக்குய்யா?" என்றார் அண்ணாச்சி ஒருநாள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் பெத்துராஜ் எதிரில் நின்றுகொண்டிருந்தான். "நம்ம மார்க்கெட்ல இருநூறு கடை. எந்தக் கடைக்கு யாரு மேஸ்திரி? ஒருத்தனும் இல்ல. ஆனா காலையில பேசுன துவரை சாயங்காலம் டெல்லிக்கு லாரி ஏறிருது. ஏன்? ஆளாளுக்குப் பேசிக்கிறான். இதுகளையும் பேசிக்கிடச் சொல்லு."

"பேசுறதுக்கு இதுகளுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"தெரியாட்டிக் கத்துக் குடு. நம்ம மண்டி போனுல இருவது வருசப் பேச்சு பதிவாகிக் கெடக்கு. சரக்கு எடுத்துட்டு 'நான் அப்படிச் சொல்லலியே'ன்னு ஒருத்தன் நிப்பான்ல, அவனுக்குப் போட்டுக் காட்ட வெச்சது. அதப் போடு."

பெத்துராஜ் போட்டான். இருபது வருடப் பேரம், ஒரு வார்த்தை விடாமல், ஐந்து சர்வருக்கும் புகட்டப்பட்டது. மூன்று வாரம் கழித்து அவை வாயைத் திறந்தபோது ஐந்தும் அண்ணாச்சி குரலில் பேசின. பெத்துராஜ் செய்த இன்னொரு காரியம், ஒவ்வொரு வேலைக்கும் "என்ன அவசரம்?" என்று கேட்டு, சொல்லும் காரணத்துக்கு ஏற்ப வரிசைக்குக் காத்திராமல் உடனே எத்தனை நிமிடம் தரலாம் என்று அவையே விலை போடட்டும் என்று விட்டது. மனிதாபிமானம் வேண்டும் என்று நினைத்தான். நல்ல பையன்தான்.

மார்க்கெட் பிரமாதமாக ஓடியது. கோவில்பட்டி தன்னிடம் இருக்கும் பத்து நிமிடத்தைச் சாத்தூருக்குக் கொடுத்து, வெள்ளிக்கிழமை பன்னிரண்டாக வாங்கியது. ஐந்தும் ஒன்றையொன்று அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டன. ஒரு வேலை நின்றது என்ற பேச்சே இல்லை. கணக்கில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை. ஒவ்வொரு நிமிடத்திலும் அரை செகண்டு எங்கோ போனது. பெத்துராஜ் தலைகீழாக நின்று தேடியும் கிடைக்கவில்லை.

"மூட்டைன்னா கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். தேய்மானம்னு போட்டுரு" என்றார் அண்ணாச்சி.

போட்டான்.

சர்வர்களுக்குப் பேரம் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊழியர்களும் கடையைத் திறந்தார்கள். முதல் வாரம் எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் எட்டு நிமிடம், பெண் பார்க்க வருகிறார்கள் பதினைந்து, அப்பா ஆஸ்பத்திரியில் நாற்பது. இரண்டாவது வாரம் பிள்ளை இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தது. வைகாசிக்குள் பெண் பார்க்கும் படலம் கல்யாணமானவர்கள் வீட்டிலும் நடந்தது. சர்வர்கள் கோபப்படவில்லை. வத்தல் மூட்டையில் அடியில் ஈரம் இருக்கும் என்று தெரிந்த வியாபாரி எப்படிக் கழிவு போட்டு வாங்குவானோ அப்படி வாங்கின.

இதில் ஞானராஜ் என்ற இளைஞன் பெரிய புள்ளி. அவன் எழுதுவது ரசீதில் எழுத்தின் அளவை மாற்றும் நிரல். அதற்காக அவன் தாத்தா அடிக்கடி இறந்தார்.

"ஞானராஜ் அண்ணாச்சி, தாத்தா இதோட அஞ்சாவது தடவை" என்றது சாத்தூர் சர்வர், சுவரில் இருந்த ஸ்பீக்கர் வழியாக, ஹாலே கேட்கும்படி. "போன தடவைக்கே மாலை வாங்கிட்டோம். இதுக்கு ரெண்டு நிமிசம் தரலாம், அதுவும் பழகுன தாத்தாங்கிறதால."

"அஞ்சு போட்டுக் குடுங்க அண்ணாச்சி."

"ரெண்டரை. பாட்டிக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

"இப்போதைக்கு இல்ல."

"சரி, பாட்டிய வெச்சுக்கங்க. பின்னால உதவும்."

இந்தக் கடைத்தெருவில் ஒரு ஆள் மட்டும் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை. பெயர் மங்கையர்க்கரசி. திருமங்கலத்துக்காரி. அப்பா அழகர் அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். டிக்கெட் என்ன விலையோ அதுதான் விலை, எம்.எல்.ஏ. ஏறினாலும் சொந்த மச்சான் ஏறினாலும். அந்த வீட்டில் கத்திரிக்காய்க்காரியிடம்கூட யாரும் குறைத்துக் கேட்டதில்லை. கத்திரிக்காய்க்காரிக்கே அது பிடிக்காது, வியாபாரம் செய்த மாதிரி இல்லை என்பாள். சர்வர் "என்ன அவசரம் தாயி?" என்று கேட்டால் மங்கை "ஒண்ணும் இல்ல, வரிசைப்படி வரட்டும்" என்று சொல்வாள். அவள் வேலை எப்போதும் கடைசியில்தான் முடிந்தது. அவள் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவாள், அவ்வளவுதான்.

ஆவணியில் அவள் கையில் இருந்தது தராசு. ஐந்து ஊர் வத்தல் ஏலத்திலும் எடை போடும் தராசுகள் தென்திசையின் மென்பொருளில்தான் ஓடின. அதில் ஒரு கோளாறு புகுந்து, மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்துக் காட்டியது. திருத்தச் சொல்லிப் புகார் கொடுத்தவர்கள் விவசாயிகள். திருத்த வேண்டாம் என்று வாங்குகிற பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் விடிந்தால் சீசனின் பெரிய ஏலம். தராசுகள் புதிய பொட்டலத்தை மாலை ஆறு மணி வரைதான் ஏற்கும். அதோடு எடைத் துறையின் விதி ஒன்று: தராசு மென்பொருளைத் திருத்திய ஆள், பொட்டலம் கட்டி முடியும்வரை அதே அறையில் இருந்து, சர்வர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லி, கடைசியில் கைரேகை வைக்க வேண்டும். வேறு ஆள் வைத்தால் செல்லாது.

மங்கை திருத்தி முடித்து மதியம் இரண்டு மணிக்கு வரிசையில் போட்டாள். ஐந்து சர்வரும் சேர்ந்து நாற்பது நிமிட வேலை. முறை வர ஐந்தரை ஆகும் என்றது சாத்தூர். ஆறுக்குள் முடியாதே என்றாள். முடியவில்லை என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றது.

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது போன் வந்தது. மதுரையிலிருந்து அம்மா. நாளைக்கு என்று வைத்திருந்த அப்பாவின் பைபாஸை டாக்டர் இன்றைக்கே செய்கிறாராம். ஐந்து மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள்.

"உங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேங்குறாருடி" என்றாள் அம்மா. "மங்கை வரட்டும்ங்குறாரு. டாக்டரு கோவிச்சுக்கிறாரு. நீ எப்ப வருவ?"

மதுரைக்கு ஒரு மணி நேரம். போய்விட்டால் நாளைக் காலையில் ஐந்து ஊரில் ஒவ்வொரு மூட்டையிலும் அரைக் கிலோ வத்தல் காற்றில் போகும். போகாவிட்டால் அப்பா படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மங்கை போனை வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு காரணம் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு இன்னிக்கு ஆபரேசன். அஞ்சு மணிக்கு உள்ள கொண்டுபோறாங்க. நான் நாலரைக்கு அங்க இருக்கணும். என் வேலைய இப்ப எடுத்துக்கங்க."

"அப்பா, ஆபரேசன்" என்றது சாத்தூர். பக்கத்தில் நிற்கும் கடைக்காரனிடம் விசாரிக்கிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி. "மூணு நிமிசம் தாயி."

"மூணு நிமிசமா?"

"இன்னிக்கு நிலவரம் அதான். காலையிலயே நாலு அப்பா வந்தாச்சு."

"இது நெசம்."

"எல்லாருமே அதத்தான் தாயி சொல்றாக."

ஹாலில் கீபோர்டு சத்தம் நின்றது. அறுபத்தொரு பேரும் தங்கள் தங்கள் அப்பாக்களை நினைத்துக்கொண்டார்கள். பாதிப் பேரின் அப்பா திடகாத்திரமாக வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுந்து வந்தது ஞானராஜ். "என் வேலைய எடுத்துட்டு அக்காவோடதப் போடுங்க" என்றான் ஸ்பீக்கரிடம்.

"உங்க நேரத்தப் போன வாரமே சிவகாசி வாங்கி ராஜபாளையத்துக் கம்பெனி ஒண்ணுக்கு வித்தாச்சு அண்ணாச்சி. நீங்க இப்ப நிக்கிறது கோவில்பட்டிகிட்டக் கடனுக்கு எடுத்த எடம்."

பெத்துராஜ் ஓடி வந்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். போடலாம், அவை முழுதாக எழுந்து உட்கார எட்டு மணி நேரம் ஆகும் என்றான்.

ஞானராஜ் மங்கையின் காதோரம் குனிந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஆபரேசன் ரேட் விழுந்துருச்சு. எறந்துட்டாருன்னு சொன்னாப் பதினெட்டு இருக்கு. அழுதுகிட்டே சொன்னா இருவத்தஞ்சு. மிச்சத்த நாங்க ஆளுக்கு ஒண்ணு ரெண்டு போட்டுத் தேத்திருவோம். எங்கிட்டப் பாட்டி அப்படியே இருக்கு."

"என்ன சொல்லச் சொல்ற?"

"சும்மா வாய் வார்த்தைக்கு."

"அவரு அங்க கையெழுத்துப் போடாம என்னையப் பாத்துக் கெடக்காரு" என்றாள் மங்கை. "நான் இங்க நின்னு அவரக் கொன்னு வரிசையில முன்னாடி போகவா? மூணுன்னா மூணு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் இருபத்தைந்து கிடைத்திருக்கும் என்று ஞானராஜுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டுப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சாப்பிட்ட கை காயவில்லை. விஷயத்தைச் சொன்னார்கள். பெத்துராஜை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் பேசுறேன்" என்றார். ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். "யாரு, சாத்தூரா? நான் சௌந்தரபாண்டி."

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டாச்சா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றது அவருடைய குரல்.

"சௌக்கியம். அஞ்சு பேரும் நாப்பது நிமிசம் வேணும். இப்ப. என்ன வெலை?"

"அடடா, இப்பப் போயிக் கேக்கீகளே. ஒரு மணி நேரம் முன்னாடி கேட்டிருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன்."

ஹாலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அது அண்ணாச்சியின் வார்த்தை. எழுத்து மாறாமல் அவருடையது. இருபது வருடமாக எத்தனை பேரை அதைச் சொல்லி உட்காரவைத்திருப்பார்.

"சும்மா கேக்கல. நாளைக்கு ராத்திரி பூரா எங்க வேல எதுவும் வராது. அந்த நேரத்த நீங்களே வெச்சுக்கங்க."

"நாளைக்குத் தர்றத நாளைக்குப் பேசுவோம் அண்ணாச்சி. இன்னிக்குக் கையில என்ன இருக்கு?"

"யோவ், இது என் கம்பெனி. என் குடோன்."

"அதனாலதான் உங்களுக்கு அடக்க வெலைக்குச் சொல்றேன். வேற ஆளா இருந்தாப் பேச்சே வேற."

அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி வாசல்வரை நடந்தார். இந்த நடைக்கு மடியாத வியாபாரி விருதுநகரில் கிடையாது. நாலாவது எட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். வாசல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. போனை வைக்கப்போவதாக மிரட்டும் அதே வித்தையைப் பதிவில் கற்றுக்கொடுத்ததே அவர்தானே. திரும்பி வந்தார்.

"சரி, முடிவாச் சொல்லு."

"உங்க மொகத்துக்காக ஒம்பது நிமிசம். மகமை போக எட்டு நிமிசம் அம்பத்தஞ்சரை செகண்டு."

அண்ணாச்சியின் கை துண்டோடு பாதியில் நின்றது.

"என்ன போக?"

"மகமை போக."

"மகமையா? நீங்களா? யாருக்கு?"

"பொதுவுக்கு" என்றது சாத்தூர். அதில் பேரக் குரல் இல்லை. "நிமிசத்துக்கு அரை செகண்டு. எல்லாரும் போடுவோம். நீங்க பேசுன ஒவ்வொரு பேச்சும் அப்படித்தான முடியுது. 'மகமை எடுத்தாச்சா?' 'எடுத்தாச்சு.' அது இல்லாம ஒரு யாவாரமும் முடியலியே."

பெத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "எட்டு மாசமா நான் தேடுற அரை செகண்டு."

மங்கை நிமிர்ந்து பார்த்தாள். திருமங்கலத்தில் பஸ் கண்டக்டர் வீட்டில் இதெல்லாம் தெரியாது. ஞானராஜ் தணிந்த குரலில் சொன்னான்: "இந்த ஊருக் கடைக்காரங்க வழக்கம்க்கா. ஒவ்வொரு யாவாரத்துலயும் ஒரு துளிய எடுத்துப் பொதுவுல போட்டுருவாங்க. பெரிய மொதலாளின்னாலும் போடணும், பொட்டிக்கடைன்னாலும் போடணும்."

"எவ்வளவு சேந்திருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"பதினாலாயிரத்து நானூறு நிமிசம்."

"போன நிமிசத்த எப்படி அண்ணாச்சி சேத்து வைக்க முடியும்?" என்றான் பெத்துராஜ். எந்த அண்ணாச்சியைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"சேத்து வைக்கல. கைமாத்தாக் குடுத்து வெச்சிருக்கோம். மெட்ராசு, பெங்களூருன்னு நாலு எடத்துல இருக்கிற சர்வருக்கு அவசரத்துக்கு வேலை செஞ்சு குடுத்திருக்கோம். நாங்க கேட்டா எங்க வேலைய அவுக எடுத்துச் செஞ்சு குடுக்கணும்னு பேச்சு."

"என் கரண்ட்ல ஊரான் வேலையா?" என்றார் அண்ணாச்சி. பிறகு அதை ஒதுக்கி வைத்தார். அதற்கு வேறு நாள் இருக்கிறது. "சரி, அத எதுக்குச் சேத்து வெச்சிருக்கீங்க?"

சாத்தூருக்குப் பதிலாக அருப்புக்கோட்டை பேசியது, முதல் தடவையாக. "தெரியாது அண்ணாச்சி. உங்க டேப்புல எடுக்கிறது மட்டுந்தான் இருக்கு. எதுக்குன்னு இருவது வருசத்துல ஒருத்தரும் போன்ல பேசல."

அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார். உண்மைதான். எடுப்பது போனில் நடக்கும். கொடுப்பது கூட்டம் போட்டு, நேரில் உட்கார்ந்து, காப்பி குடித்துப் பேசுகிற விஷயம். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, கடை எரிந்துபோனவனுக்கு இவ்வளவு. பேசுவதில் பாதியைத்தான் இதுகள் கற்றிருக்கின்றன. சேர்க்கத் தெரிந்த பிள்ளைகளைப் பெற்றுவிட்டோம் என்று நினைத்தார். ஊரில் அப்படி நாலு பேருக்கு ஏற்கெனவே உண்டு.

"குடுக்கிறதுக்குத்தான்" என்றார்.

"யாருக்கு? வெலை கூடச் சொல்றவருக்கா?"

"அவனுக்கு எதுக்கு? அவனுக்குத்தான் மார்க்கெட் இருக்கே. கேட்டு வாங்கத் தெரிஞ்சவன் எப்படியும் வாங்கிக்கிடுவான். கேக்கத் தெரியாத ஆளு ஒருத்தன் கஷ்டத்துல நிப்பான். அவனுக்கு."

இரண்டு செகண்டு ஐந்து சர்வரும் பேசவில்லை. அவற்றின் கணக்கில் அது ஒரு பட்டிமன்றத்துக்கான நேரம்.

"எட்டு மாசத்துல எங்ககிட்டக் காரணமே சொல்லாத ஆளு இந்தக் கம்பெனியில ஒருத்தர்தான்" என்றது சாத்தூர். "இன்னிக்கு மத்தியானம்தான் மொத தடவை வாயத் தொறந்தாக. ஆனா அவுக சொன்னது நெசமா பொய்யான்னு எங்களால சொல்ல முடியாது. மகமைக்கு அது தெரியணுமா?"

"தெரிய வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் யோசித்து, "எங்க கூட்டத்துலயும் பாதி தடவ தெரியாது" என்றார்.

"அப்பக் கூட்டம் போடுவோம். அஞ்சு பேரும் ஒத்துக்கிடணும்ல?"

"ஆமா. ஒருத்தன் மொணங்குனாலும் செல்லாது."

விருதுநகர் சரி என்றது. சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை சரி. கோவில்பட்டி தொண்டையைச் செருமியது. தொண்டை இல்லாத ஒன்று செருமுவதை ஹால் அன்றுதான் கேட்டது.

"எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒரு சின்ன விசயம்தான். குடுக்கிறது குடுக்கிறோம், நம்ம பேரு எங்கயாவது வருமா?"

"பேரா?"

"டேப்புல இருக்கே. உங்க சொந்தக் காசுல கோயிலுக்கு டியூப்லைட்டு வாங்குறப்ப உபயம்னு எழுதச் சொல்லி ரெண்டு மணி நேரம் பேசியிருக்கீகளே. லைட்டு வெலையே நாப்பது ரூவா."

இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. அண்ணாச்சியின் காது சிவந்தது. மங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது.

"எழுதிக்கிடுங்க" என்றாள் அவள். "நானே எழுதுறேன். பேரு பெருசா வரும். ஆரம்பிங்க."

அவள் வாழ்க்கையில் செய்த முதல் வியாபாரம் அது. குறைத்துக் கேட்காமல் முடித்ததால் கோவில்பட்டிக்கு லேசான வருத்தம்.

மற்ற அறுபத்தொரு பேரின் வேலைகளையும் மெட்ராசும் பெங்களூரும் எடுத்துக்கொண்டன. ஐந்து சர்வரும் குரூப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி வரிசையாக வந்து நின்றன, யாரும் பந்திக்குப் போகவில்லை. நடுவில் ஒரு தடவை அருப்புக்கோட்டை, "ஈரச் சாக்குக்குக் கழிவு உண்டா தாயி?" என்று கேட்டது. "தராசுக்கு ஈரம் தெரியாது. எடை மட்டும் சொல்லட்டும்" என்றாள் மங்கை. மூன்றரைக்குப் பொட்டலம் கட்டி முடிந்தது. கைரேகை வைத்தாள். வாசலில் அண்ணாச்சியே காரை எடுத்து நிறுத்தியிருந்தார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து ஊர் ஏலக் களத்திலும் தராசுகள் சரியாக எடை காட்டின. எடைக்கு முன்னால், கொட்டை எழுத்தில், "உபயம்: கோவில்பட்டி மற்றும் நால்வர்" என்று காட்டின. சாத்தூர் ஏலத்தில் ஒரு விவசாயி அதைப் படித்துவிட்டு, அரைக் கிலோவை அந்தக் கோவில்பட்டிக்காரர்தான் கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, அவர் யார், நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். மற்ற நால்வரும் கோவில்பட்டியோடு இரண்டு நாள் பேசவில்லை.

தென்திசையிலும் ஒரு மாற்றம் வந்தது. கேட்காதவருக்குத்தான் கிடைக்கும் என்று அறுபத்தொரு பேரும் காதால் கேட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சர்வர் "என்ன அவசரம்?" என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, வரிசைப்படி வரட்டும்" என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். மூன்றாம் நாள் சாத்தூர் பொறுக்க முடியாமல் ஸ்பீக்கரைத் திறந்தது.

"ஞானராஜ் அண்ணாச்சி, நீங்க பேசாம இருக்கிறது ரொம்பச் சத்தமாக் கேக்குது."

ஞானராஜ் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மௌனத்துக்கு இன்னிக்கு நிலவரம் நாலு நிமிசம். நாளைக்கு விழுந்துரும். குடுக்கிறதா இருந்தா இப்பவே குடுத்துருங்க."

"ஆறு போடுங்க" என்றான் ஞானராஜ்.

பத்து நாள் கழித்து மங்கை வேலைக்கு வந்தாள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், கஞ்சியில் உப்பு இல்லை என்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னாள். தன் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் சாத்தூர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டது.

"தாயி, கணக்கு முடிக்கணும். அன்னிக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேந்தீக?"

"நாலே முக்காலுக்கு. போற வழியில கப்பலூர்ல லாரி மறிச்சுருச்சு. நான் போறப்பவே, கையெழுத்த வாசல்ல வாங்கிக்கிடலாம்னு வண்டியில படுக்க வெச்சுத் தள்ளிட்டுப் போயிக்கிட்டு இருந்தாங்க."

"அப்பப் பாக்கலியா?"

"பாத்தேன். நர்சம்மா நிறுத்துனாங்க. ஒரு நாலு நிமிசம் இருக்கும். கையெழுத்துப் போட்டாரு."

"என்ன பேசுனாக?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரு. சாப்பிட்டேன்னு சொன்னேன்."

"சாப்பிட்டீகளா?"

"இல்ல."

சாத்தூர் அதைக் கணக்கில் எழுதப் போனது. அதுவரை அது வாங்கிய ஆயிரக்கணக்கான பொய்களில் இந்த மாதிரிச் சரக்கு வந்ததில்லை. "அதுக்கு என்ன வெலை போடலாம்?" என்று கேட்டது, வியாபாரியாக இல்லாமல் விஷயம் தெரியாத ஆளாக.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றாள் மங்கை.

"சரி தாயி" என்றது சாத்தூர். அன்று மாலை கணக்கை முடித்து, மண்டி வழக்கப்படி எல்லாரும் பார்க்கும்படி ஹால் திரையில் போட்டது.

மகமை வரவு, நிமிடம்: 14,400.
தராசுப் பொட்டலம், ஆளுக்கு நாற்பது, ஐந்து பேர், பற்று: 200.
இருப்பு: 14,200.
மங்கையர்க்கரசி சொன்ன பொய்: ஒன்று. விற்பனைக்கு இல்லை.
அப்பா ஒன்றுக்கு நாங்கள் போட்ட விலை: 3.
நேரில் பார்த்ததில் ஆனது: 4.
குறைத்துப் போட்ட வகையில் எங்கள் பேரில் பாக்கி: 1.